மட்கார்டில் வளர்ந்தவன்

கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நெல், கரும்பு, மஞ்சள். அப்பாவிடம் ஒரு டிராக்டர் இருந்தது. "நான் டிராக்டர்லயே வளர்ந்தவனுங்க" என்று எங்கே போனாலும் சொல்லிக்கொள்வேன். ரயிலில் சொல்லியிருக்கிறேன், ஆபீசில் சொல்லியிருக்கிறேன், பெண் பார்க்கப் போன வீட்டில் கேசரி சாப்பிட்டுக்கொண்டே சொல்லியிருக்கிறேன். பொய் இல்லை. டிராக்டரில்தான் வளர்ந்தேன். இடது பக்க மட்கார்டில். வலது பக்க மட்கார்டு தம்பிக்கு. நடுவே சீட்டில் உட்கார்ந்து ஓட்டியவர் எங்கள் டிரைவர் அண்ணன். கியர் ராடை நான் தொட்டது ஒரே ஒரு தடவை. புறங்கையில் ஓர் அடி விழுந்தது. அத்தோடு சரி.

மட்கார்டுக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு முழம்தான் இருக்கும். அந்த ஒரு முழத்தை நான் முப்பது வருஷமாக மறந்திருந்தேன். கனடாவில், மைனஸ் 22 டிகிரியில் ஞாபகம் வந்தது.

ஒண்டாரியோ மாகாணத்தில் ஹியூரான் ஏரிக்குக் கிழக்கே வீடு வாங்கினோம். ஏரிக்கரை வீடு என்று ஊருக்குப் போன் பண்ணிச் சொன்னபோது அப்பா, "ஏரில தண்ணி நிக்குதா?" என்று கேட்டார். ஹியூரானின் பரப்பு ஏறத்தாழ 59,600 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு. நிற்கிறதுங்கப்பா என்றேன். நிற்பதோடு போயிருந்தால் பரவாயில்லை. பனிக்காலத்தில் வடமேற்கிலிருந்து வரும் குளிர்காற்று, இன்னும் உறையாத அந்த ஏரியின் மேல் நீளமாக நடந்து, ஈரத்தையெல்லாம் வாரிக்கொண்டு கரையேறி, எங்கள் வாசலில் கொட்டிவிட்டுப் போகும். பக்கத்து மாவட்டத்தில் வெயில் அடிக்கும். எங்களுக்கு மட்டும் முழங்கால் அளவு வெள்ளை. வீட்டை எங்களுக்குக் காட்டியது ஜூலை மாதத்தில். ரோட்டிலிருந்து வீட்டுக்கு 180 மீட்டர் பாதை, இரண்டு பக்கமும் மேப்பிள் மரங்கள். "என்ன அழகுங்க!" என்றாள் மனைவி. நானும் அந்தப் பாதையின் நீளத்தை அழகாகத்தான் பார்த்தேன். மண்வெட்டியால் அளந்து பார்த்தது டிசம்பரில்.

முதல் வருஷம் மண்வெட்டி. அதைப் பற்றி என் முதுகு தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும். இரண்டாம் வருஷம் ஓர் ஆளை அமர்த்தினோம். நாங்கள் வேலைக்குப் போக வேண்டிய நேரம் காலை ஏழு. அவர் பனியை வாரிவிட்டுக் கும்பிடு போட்டுப் போகிற நேரம் பகல் பதினொன்று. மூன்றாம் வருஷம், "எதுக்கு இன்னொருத்தன்? நான் டிராக்டர்லயே வளர்ந்தவன்" என்றேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. கேசரி சாப்பிட்டபோதே கேட்ட வசனம்தானே.

பதினைந்து மைல் தள்ளி ஒரு பண்ணையில் அது நின்றிருந்தது. சாம்பல் நிறம். ஃபெர்குசன் டிஓ-20. வயது எழுபதைத் தாண்டியது. 'டிஓ' என்றால் 'டிராக்டர், ஓவர்சீஸ்'. ஃபெர்குசன் கம்பெனிக்காக இங்கிலாந்தில் கோவென்ட்ரியில் செய்த வண்டிக்கு டிஇ-20 என்று பெயர். 1948 முதல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் செய்ததற்கு டிஓ-20. கடல்கடந்தவன் என்று பெயரிலேயே முத்திரை குத்திக்கொண்ட வண்டி. அதைப் பார்த்ததும் எனக்குச் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது. விற்றவர் கையை நீட்டினார், நான் குலுக்கினேன். எழுத்து கிடையாது, கேரண்டி கிடையாது, குலுக்கிய கையோடு பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

அந்த வண்டிக்கும் கைகுலுக்கலுக்கும் பழைய பகை என்று பிறகுதான் படித்தேன். அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன். டிராக்டருக்குப் பின்னால் இரண்டு கைகள், மேலே ஒரு டாப் லிங்க், நடுவில் ஹைட்ராலிக் என்று கலப்பையை வண்டியோடு பிணைத்த ஏற்பாடு அவருடையது. இன்றைக்கு கோபியில் ரோட்டவேட்டர் மாட்டுகிறவர் மாட்டுவதும் அந்தக் கைகளில்தான். 1938-இல் ஹென்றி ஃபோர்டும் அவரும் இந்த ஏற்பாட்டை வைத்து டிராக்டர் செய்யலாம் என்று கைகுலுக்கிக்கொண்டார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. தாத்தா குலுக்கியதைப் பேரன் காலத்தில் கம்பெனி உதறிவிட்டது. ஃபெர்குசன் வழக்குப் போட்டு, 1952-இல் 92.5 லட்சம் டாலர் வாங்கினார். அவருக்காவது அது கிடைத்தது. எனக்கு வண்டியோடு ஓர் ஓட்டை பெட்ரோல் கேன் கிடைத்தது.

ஃபெர்குசன் அடுத்த வருஷமே டொராண்டோவின் மாசி-ஹாரிஸ் கம்பெனியோடு சேர்ந்தார். 1958-இல் அதன் பெயர் மாசி ஃபெர்குசன் ஆயிற்று. 1961-இல் அந்தப் பெயரில் சென்னையில் டிராக்டர் செய்யத் தொடங்கினார்கள். எங்கள் அப்பாவின் டிராக்டர் அந்த வம்சம். அப்படிப் பார்த்தால் நான் வாங்கி வந்தது எங்கள் வீட்டு வண்டிக்குப் பெரியப்பா முறை. ஊரில் பெரியப்பாக்களை எழுப்ப காலையில் காபி போதும்.

வந்த புதிதில் அதை நான் கவனித்துக்கொண்டதை நினைத்தால் எனக்கே கண்ணீர் வருகிறது. கொட்டகை கிடையாது, மேப்பிள் மரத்தடியில் நிறுத்தினேன். சீட்டு நனையக் கூடாது என்று நல்ல பிளாஸ்டிக் உறை வாங்கிப் போட்டேன். சீட்டு வெறும் இரும்புத் தட்டு. நூறு வருஷம் மழையில் நனைந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. அதற்கு ஒரு முழம் முன்னால், கியர் ராடு பெட்டிக்குள் இறங்குகிற இடத்தில் இருக்கும் ரப்பர் உறை கிழிந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அதை நான் பார்க்கவே இல்லை. அக்டோபர் மழை முழுக்க அந்த வழியாகச் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கியது. உறை போட்ட சீட்டு மட்டும் காய்ந்து கிடந்தது.

இன்னொன்றும் செய்தேன். நவம்பர் முழுக்க, சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி ஓடவிட்டு நிறுத்துவேன். வண்டிக்குப் பழக்கம் விட்டுப் போகக் கூடாது பாருங்கள். மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல் பானட்டைத் தட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே வருவேன். இந்த அன்பைத்தான் பிறகு பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் பிட்டுப் பிட்டு வைத்தார். அதற்கு வருகிறேன்.

கிறிஸ்துமஸ் கழிந்த மறுநாள் ராத்திரி நல்ல பனி. காலையில் மைனஸ் 22. வெயில் கண்ணைப் பறித்தது. நான் மூன்று சட்டை, இரண்டு கோட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த மங்கி குல்லா, அதற்குமேல் கனடாக் குல்லா எல்லாம் போட்டுக்கொண்டு ஒரு பெரிய தலையணைபோல் நடந்துபோய் ஏறி உட்கார்ந்தேன். மனைவியும் மகளும் ஜன்னலில். மகள் கையில் செல்போன், வீடியோ.

இந்த வண்டியில் செல்ஃபுக்குத் தனியாகச் சாவியோ பட்டனோ கிடையாது. கியர் ராடையே 'எஸ்' என்ற இடத்துக்குத் தள்ளினால் செல்ஃப் எடுக்கும். கியரில் கிடக்கும்போது தவறிக்கூட ஸ்டார்ட் ஆகாது. அருமையான ஏற்பாடு. ஆனால் அன்றைக்கு ராடு நகரவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினேன். நகர்ந்தது, ஆனால் இரும்பு நகர்வதுபோல் இல்லை. அம்மா ராகிக் களி கிண்டுவாள். மாவு இறுகுகிற சமயத்தில் துடுப்பைச் சுற்ற முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் சுற்றுவாள். அந்தத் துடுப்பு எப்படி நகருமோ அப்படி நகர்ந்தது. உள்ளே இருபது லிட்டருக்கு மேல் 90-ஆம் நம்பர் கியர் ஆயில். கோடையில் எண்ணெய். மைனஸ் 22-இல் அது களி.

செல்ஃப், "ஊ…ம்" என்றது. கொஞ்சம் யோசித்தது. மறுபடி, "ஊ…" என்றது. 'ம்' வரவில்லை. ஆறு வோல்ட் பேட்டரி. குளிரில் பேட்டரியின் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இருக்கிற அந்த மூன்று வோல்ட்டு தைரியத்தில் அது இன்ஜினை மட்டும் சுற்றினால் போதாதா? நான் கிளட்ச்சை மிதிக்கவே இல்லை. 'எஸ்'-இல் போட்டால் கியர் இல்லையே, கிளட்ச் எதற்கு என்று என் புத்தி. கிளட்ச்சை மிதிக்காவிட்டால், நியூட்ரலில் இருந்தாலும் பெட்டிக்குள் போகிற முதல் ஷாஃப்ட்டும் அதோடு கோத்த பல்சக்கரங்களும் இன்ஜினோடு சேர்ந்து சுற்றித்தான் ஆக வேண்டும். பாவம், அந்தச் செல்ஃப் இன்ஜினையும் சுற்றி, எங்கள் அம்மா வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

காரிலிருந்து சார்ஜ் கொடுக்கப் போய், நல்லவேளையாக நின்றேன். கார் பன்னிரண்டு வோல்ட். அதுமட்டுமல்ல, இந்தப் பழைய வண்டியில் ப்ளஸ்தான் பாடியில் எர்த். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து, பூஜை அறைக்குப் பக்கத்தில் சூட்டில் வைத்து, சார்ஜ் ஏற்றி, மத்தியானம் மறுபடி போனேன். கார்புரேட்டருக்குச் சோக் இழுத்து, இந்தத் தடவை ஏதோ ஞானத்தில் கிளட்ச்சையும் மிதித்து, 'எஸ்'-இல் தள்ளினேன். பிடித்தது! ஜன்னலில் கைதட்டல். நான் சினிமா ஹீரோபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மிதித்த காலை எடுத்தேன். உள்ளேயிருந்து "டொக்" என்று ஒரு சத்தம். இன்ஜின் நின்றது. மகள் எடுத்த வீடியோவில் அந்த "டொக்" தெளிவாகக் கேட்கிறது. அதற்குப் பிறகு நான் சொன்ன ஒரு வார்த்தையும் கேட்கிறது.

ஊருக்குப் போன் பண்ணினேன். அங்கே ராத்திரி பத்தரை தாண்டியிருந்தது. அப்பா தூக்கக் கலக்கத்தில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ மட்கார்டுலதான உக்காருவ?" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. டிரைவர் அண்ணன் நம்பரைக் கொடுத்தார். அண்ணனுக்கு இப்போது எழுபது வயது. பிரச்சினையைப் பொறுமையாகக் கேட்டார். "ஆயில் கெட்டியாயிருச்சுங்களா தம்பி? அது ஒண்ணுமில்லீங்க. ஒரு அரை மணி நேரம் வெயில்ல நிறுத்தி வைங்க. தானா இளகிக்கும்."

"வெயில்லதாண்ணா நிக்குது."

"அப்பறம் என்னங்க?"

அவர் சொன்னதில் தவறில்லை. வெயிலுக்கும் சூட்டுக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு தேசத்தை அவருக்கு எப்படி விளங்கவைப்பது? எனக்கே விளங்க மூன்று வருஷமாயிற்று.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்தார். எண்பது வயது. குல்லாகூட ஒன்றுதான். அவர் இன்ஜின் பக்கமே போகவில்லை. நேராகப் பெட்டியின் பக்கவாட்டுக்குக் குனிந்து ஆயில் பார்க்கிற கம்பியை உருவினார். கம்பியில் ஒட்டியிருந்தது ஆயில் இல்லை. நல்ல டிகிரி காபி. நுரைகூட இருந்தது. "எவ்வளவு நாளா தண்ணி குடிக்குது உன் வண்டி?" என்றார். அப்போதுதான் அந்தக் கிழிந்த ரப்பரைப் பார்த்தார். அதற்கப்புறம் உறை போட்ட சீட்டைப் பார்த்தார். அதற்கப்புறம் என்னைப் பார்த்தார். எழுபது வருஷம் ஓடிய வண்டியைக் குறை சொல்ல அங்கே வழியே இல்லை. குற்றவாளி மங்கி குல்லாவோடு கையும் களவுமாக நின்றிருந்தான்.

இந்த மாதிரிப் பழைய டிராக்டர்களில் கியர் பெட்டி, பின்னால் டிஃபரன்ஷியல், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். ஒரே வீட்டில் மூன்று குடித்தனம், ஒரு தண்ணீர்த் தொட்டி. தூக்குகிற ஹைட்ராலிக் பம்ப்பு அந்த ஆயிலுக்குள்ளேயே அடியில் மூழ்கிக் கிடக்கும். பின்னால் மாட்டும் கருவிகளைச் சுற்றுகிற பிடிஓ ஷாஃப்ட்தான் அதையும் சுற்றும். தண்ணீர் ஆயிலைவிடக் கனம் என்பதால் அடிக்குத்தான் போகும். அடியில் பம்ப்பு இருக்கிறது. டிசம்பர் வந்தால் பம்ப்புக்குள் ஐஸ். பிடிஓ லீவரைப் போட்டு வைத்தபடியே இன்ஜினைக் கிளப்பி, கிளட்ச்சிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் ஐஸ் நகராது, ஷாஃப்ட் நகரப் பார்க்கும், யாராவது ஒருவர் உடைய வேண்டும். எங்கள் வீட்டில் நல்லவேளையாக இன்ஜின் விட்டுக்கொடுத்தது. அதுதான் அந்த "டொக்". பிடிஓ லீவர் கோடையில் புல்வெட்டி மாட்டியபோது போட்டது; எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. மட்கார்டிலிருந்து பார்த்தால் அந்த லீவர் தெரிவதில்லை.

என் நவம்பர் மாத அன்பைப் பற்றியும் சொன்னேன். பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மழை கொஞ்சம் தண்ணி விட்டுது. மிச்சத்தை நீ விட்டிருக்க" என்றார். பத்து நிமிஷம் ஓட்டினால் பெட்டிக்குள் காற்று லேசாக வெதுவெதுப்பாகும். நிறுத்தியதும் குளிர்ந்த இரும்பில் அந்தக் காற்றின் ஈரம் வியர்த்து ஆயிலில் சொட்டும். ஈரத்தை விரட்ட வேண்டுமானால் ஆயில் நன்றாகச் சூடேறும்வரை, மணிக்கணக்கில், பாரம் இழுத்து ஓட வேண்டும். இல்லையென்றால் ஸ்டார்ட் பண்ணவே கூடாது. முப்பது நாள் சாயங்காலம் முப்பது தடவை நான் தட்டிக்கொடுத்துத் தட்டிக்கொடுத்துத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

அடியில் இருக்கும் அடைப்பைத் திருகினால் தண்ணீர் முதலில் வெளியே வந்துவிடும் என்றார். திருகினோம். ஒரு சொட்டு வரவில்லை. உறைந்துபோன தண்ணீர் எங்கிருந்து வரும்? முதலில் அதைச் சூடாக்க வேண்டும். பழைய காலத்தில் வண்டிக்கு அடியில் தகரத்தில் கரி நெருப்பு போட்டு வைப்பார்களாம். எழுபது வயது பெட்ரோல் வண்டி, ஓட்டை கேன், நெருப்பு. மூன்றையும் சேர்த்து யோசித்துப் பார்த்துவிட்டு நான் வீட்டுக்குள் போய் மனைவியின் ஹேர் டிரையரை எடுத்துவந்தேன். முப்பது மீட்டர் ஒயர், வண்டியைச் சுற்றித் தார்ப்பாய்க் கூடாரம், உள்ளே மல்லாந்து படுத்து ஒரு மனிதன் டிராக்டரின் வயிற்றுக்கு ஹேர் டிரையர் காட்டிக்கொண்டிருக்கிறான். ஒன்றரை மணி நேரம். அவள் தலைக்குக் குளித்தால் அது பத்து நிமிஷம் தாங்கும். எனக்கு ஒன்றரை மணி நேரம் தாங்கியது. அதன்பிறகு யாருக்கும் தாங்கவில்லை.

ஆனால் தண்ணீர் வந்தது. கிர்ரென்று ஒரு ஐஸ் துண்டு, பின்னாலேயே தண்ணீர், ஒரு சொம்பு நிறைய, அதற்கப்புறம் காபி. பிடிக்கப் பாத்திரம் எடுத்துவரச் சொன்னேன் மகளிடம். அவள் கையில் கிடைத்ததை எடுத்துவந்தாள்: சாம்பார் குண்டா. பொங்கலுக்கும் விருந்தாளிக்கும் மட்டும் இறங்குகிற குண்டா. கியர் ஆயிலின் வாசனை தெரிந்தவர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை. பல்சக்கரம் தேயாமல் இருக்க அதில் கந்தகம் சேர்ந்த மருந்து கலப்பார்கள். அழுகிய முட்டையும் வெங்காயமும் சேர்ந்து குடித்தனம் நடத்துகிற நாற்றம். அந்தக் குண்டாவைப் பதினோரு தடவை கழுவினேன். இப்போது அது டிராக்டரோடு இருக்கிறது.

பழையதை முழுக்க இறக்கிவிட்டு, பெரியவர் சொன்ன இளகின ஆயிலை ஊற்றினோம். டிராக்டரின் பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் பொதுவாக வருகிற ஆயில். குளிரிலும் ஓரளவு ஓடும். ரப்பர் உறை புதிது போட்டேன். பெட்டியின் அடியில் காந்தத்தோடு ஒட்டிக்கொள்கிற ஒரு கரண்டு ஹீட்டரும் வாங்கினேன். கனடாவுக்கு வந்த புதிதில் கார்களுக்கு முன்னால் பிளக் தொங்குவதைப் பார்த்து, "பரவாயில்லையே, எல்லாரும் கரண்டு வண்டி வெச்சிருக்காங்க" என்று மனைவியிடம் சொன்னவன் நான். அது இன்ஜின் உறையாமல் இருக்க ராத்திரியில் சொருகி வைக்கிற ஹீட்டர். பெரியவர் கணக்கு இது: காலையில் வண்டி எழுந்திருக்க வேண்டும் என்றால், முந்தின ராத்திரியே எழுப்ப ஆரம்பிக்க வேண்டும். காலையில் கிளட்ச்சை மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணி, இன்ஜின் சீராகும்வரை காலை எடுக்காமல், பிறகு நியூட்ரலில், பிடிஓ இல்லாமல், குழந்தையைத் தொட்டிலில் இறக்குகிற மாதிரி மெதுவாக விட வேண்டும். பெட்டி கொஞ்ச நேரம் தனக்குள்ளேயே சுற்றிக் களியை எண்ணெயாக்கிக்கொள்ளும். அதற்கப்புறம்தான் பிடிஓ, அதற்கும் அப்புறம் கியர்.

அந்த வாரம் மனம் நொந்து படித்துக்கொண்டிருந்தபோது ஒரு செய்தி கண்ணில் பட்டது. எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி, 1958 ஜனவரி 4-ஆம் தேதி தென் துருவம் போய்ச் சேர்ந்தது என் வண்டியின் அண்ணன் முறை டிஇ-20 டிராக்டர்களில்தான். சக்கரத்துக்குச் சங்கிலிப் பட்டை மாட்டிக்கொண்டு மூன்று ஃபெர்குசன்கள். அவர் துருவத்துக்கே போயிருக்கிறார். என்னால் தபால் பெட்டிவரை போக முடியவில்லை. இதை மனைவி சத்தமாகப் படித்துக் காட்டினாள். ஒரு நாள் முழுக்க யோசித்து நான் பதில் கண்டுபிடித்தேன்: ஜனவரி என்றால் அங்கே கோடைக்காலம்.

பனி வாருவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பின்னால் பிளேடு மாட்டியிருக்கிறது. முன்னால் போகிற வண்டியில் பின்னாலேயே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். இடது மட்கார்டில் உட்கார்ந்து பழகிய கழுத்து இடது பக்கம் மட்டும் நன்றாகத் திரும்புகிறது. அதனால் எங்கள் பாதை இப்போது இடது பக்கம் அகலமாகவும் வலது பக்கம் குறுகலாகவும் இருக்கும். 180 மீட்டரையும் வாரி முடித்து, ரோட்டு முனைக்கு வந்து ஒரு பெருமூச்சு விடுகிற அதே நிமிஷத்தில், ரோட்டுப் பனியைத் தள்ளுகிற லாரி வந்து, இடுப்பளவு ஒரு வரப்பை எங்கள் வாசலில் குறுக்கே போட்டுவிட்டு, கையசைத்துவிட்டுப் போகும். கொத்தி எடுத்தாலொழிய வராத ஐஸ் வரப்பு. வரப்பு உயர நீர் உயரும் என்று படித்த எனக்கு, வரப்பு உயர்ந்து ரத்த அழுத்தம் உயர்ந்தது அங்கேதான்.

பிடிமானம் இல்லாமல் பின்சக்கரம் வழுக்கியது தனிக் கதை. இங்கே டயருக்குள் கால்சியம் குளோரைடு கரைத்த தண்ணீர் நிரப்புகிறார்கள். கனத்துக்குக் கனம், உறையவும் உறையாது, ஆனால் ஒழுகினால் ரிம்மைத் தின்றுவிடும். இன்னும் சிலர் சர்க்கரை பீட்ரூட்டின் சாறு நிரப்புகிறார்கள். இரண்டுக்கும் காசில்லாத நான், பிளேடு மேல் 25 கிலோ அரிசி மூட்டை இரண்டை ஏற்றிக் கட்டினேன். வேலை நன்றாக நடந்தது. திரும்பும்போது ஒரு மூட்டை இல்லை. மேப்பிள் மரத்து அணில்கள் அந்தப் பனிக்காலம் முழுக்கப் பொன்னி அரிசி சாப்பிட்டன.

பெரியவர் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. சொல்லியிருப்பார், நான்தான் சாம்பார் குண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஜனவரி கடைசியில் மூன்று வாரம் பனியே இல்லை. முப்பது தடவை தட்டிக்கொடுத்த பாவத்துக்குப் பரிகாரமாக நான் வண்டியைத் தொடவே இல்லை. பிப்ரவரியில் போனால் எல்லாம் ஒழுங்கு: ஹீட்டர் சூடு, பேட்டரி சூடு, இன்ஜின் ஒரே தடவையில் பிடித்தது. கிளட்ச்சை மிதித்துக் கியரைப் போட்டால் "கர்ர்ர்" என்று பல்லைக் கடிக்கிறது. மிதிக்கிறேன், பெடல் இறங்குகிறது, கிளட்ச் பிரியவில்லை. சும்மா நின்ற ஈரத்தில் கிளட்ச் தட்டு ஃப்ளைவீலோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது. மற்ற வண்டியென்றால் கியரில் போட்டே ஸ்டார்ட் பண்ணி ஓர் உலுக்கு உலுக்கலாம். இதுதான் கியரில் ஸ்டார்ட் ஆகாத உத்தம வண்டியாயிற்றே. இன்ஜினைச் சூடாக்கி நிறுத்திவிட்டு, கியரில் போட்டு, பெரியவர் தன் பிக்கப்பில் சங்கிலி கட்டி இழுத்தார். நான் மேலே உட்கார்ந்து கிளட்ச்சை மிதித்துக்கொண்டே போனேன். பதினைந்தடி போனதும் "டப்" என்று விட்டது. பிக்கப் பக்கவாட்டுக் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. சிரிக்கவில்லை, எண்பது வயதில் அதற்கு எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

இதற்கு மருந்து சுலபம். பனிக்காலத்தில் நிறுத்தும்போதெல்லாம் கிளட்ச் பெடலை அழுத்தி, அது மேலே வராதபடி ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து விட்டுவிட வேண்டும். தட்டு ஃப்ளைவீலைத் தொடாமல் தள்ளி நிற்கும், ஒட்டாது. என்ன கட்டை என்று பெரியவர் சொல்லவில்லை. மரத்தடியில் கிடந்த கட்டைகளில் ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று வழுக்கியது. சரியான நீளத்தில், இரண்டு பக்கமும் பிடியோடு, உருண்டையாக, தேய்ந்து வழுவழுவென்று ஒரு கட்டை எங்கள் வீட்டுச் சமையலறையில்தான் இருந்தது. மனைவியின் கல்யாணச் சீரில் வந்த பூரிக்கட்டை.

அப்பாவுக்கு இப்போது வாராவாரம் வீடியோ அனுப்புகிறேன். நான் சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், ஸ்டியரிங் என் கையில் இருக்கிறது, வண்டி ஓடுகிறது. போன வாரம் மகளும் கூட ஏறிக்கொண்டாள். அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று அப்பா வீடியோவை நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். "இடது மட்கார்டா?" என்று கேட்டு ஒரு குரல் செய்தி வந்தது. ஆமாம், இடதுதான். அவள் கை கியர் ராடு பக்கம் போனது. நான் ஒரு தட்டு தட்டினேன்.

இந்தப் பக்கம் வருகிற தமிழ் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மார்ச் முடியும்வரை எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தால் காரை ரோட்டோரமே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். வலது பக்கம் கொஞ்சம் குறுகலாக இருக்கும், இடது பக்கமாக வாருங்கள். பழமும் பூவும் வேண்டாம். ஒரு பூரிக்கட்டை வாங்கி வந்தால் வீட்டில் நல்ல மரியாதை கிடைக்கும்.